இருபது நிமிடச் சந்தை

விளம்பரம் தேவையில்லை. கடன் கொடுக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் விலை பேசமாட்டார். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை பிடிக்கவும் மாட்டார். மணி அடித்ததும் தாமாகவே ஓடி வருவார்கள். இருபது நிமிடத்தில் கையிலுள்ள காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாளும் வருவார்கள். இப்படியொரு வியாபாரம் எமது ஒவ்வோர் ஊரிலும் நடந்துகொண்டிருக்கிறது. பாடசாலை இடைவேளை வியாபாரத்தைத்தான் சொல்கிறேன்.

வங்கிக் கடன், இறக்குமதித் தீர்வை, வற் வரி என்று வழமையாக எழுதப்படும் இந்தப் பக்கத்தில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தரம் 1 முதல் தரம் 5 வரையுள்ள பிள்ளைகள் பாடசாலையில் எதை உண்கிறார்கள், எதைக் குடிக்கிறார்கள் என்பதை ஆசிரியர்களோ வைத்தியர்களோ தீர்மானிப்பதில்லை. பெரும்பாலும் நாம்தான் தீர்மானிக்கிறோம். கோதுமை மா மூடையை இறக்குபவர் எம்மில் ஒருவர். எண்ணெய் விற்பவர், பேக்கரி வைத்திருப்பவர், சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு எடுத்தவர், பாடசாலை வாசலில் சிறு கடை போட்டிருப்பவர் எல்லோரும் எம்மவர்களே. அதே நேரத்தில் அங்கு காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகளின் வாப்பாமாரும் நாம்தான். விற்பவனும் நாம், வாங்குபவனும் நாம் என்ற வியாபாரம் இதைப்போல வேறில்லை.

இடைவேளையில் கண்டவை

கடந்த சில மாதங்களில், அதிபர்மாரின் அனுமதியுடன் மூன்று பாடசாலைகளில் இடைவேளை நேரத்தில் நின்று பார்த்தேன். ஒன்று கொழும்பை அண்டிய நகரப் பாடசாலை. மற்றொன்று கிழக்கில் ஒரு கடலோரக் கிராமத்துப் பாடசாலை. மூன்றாவது மலைநாட்டுப் பக்கம் இருநூறு பிள்ளைகள்கூட இல்லாத சிறிய பாடசாலை.

நகரப் பாடசாலையில் பிள்ளைகள் பெட்டியில் கொண்டுவருவது அதிகம். பெட்டியைத் திறந்தால் மாஜரீனும் ஜேமும் பூசிய இரண்டு துண்டுப் பாண், கிறீம் பிஸ்கட், சிலரிடம் நூடில்ஸ், சிலரிடம் பொரித்த சொசேஜ். பெட்டிக்குப் பக்கத்தில் பக்கட்டில் அடைத்த இனிப்புப் பானம். கிராமத்துப் பாடசாலையில் ரொட்டியும் சம்பலும், பிட்டும், இடியப்பமும் கொண்டுவந்த பிள்ளைகளைக் கண்டேன். ஆனால் ஒன்றும் கொண்டுவராமல், மடித்த தாள்காசு ஒன்றை மட்டும் கொண்டுவந்த பிள்ளைகளே அதிகம். அவர்கள் வரிசையில் நின்று வாங்கியது ரோல்ஸ், பெட்டிஸ், வாய்ப்பன், சீனி தூவிய பணிஸ். மலைநாட்டுப் பாடசாலையில் சிலர் எதையும் கொண்டுவரவுமில்லை, வாங்கவுமில்லை.

மூன்று இடங்களிலும் ஒரு விடயம் பொதுவாக இருந்தது. பழம் மிகக் குறைவு. தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்த பிள்ளைகளும் அதை அப்படியே நிறைய வைத்திருந்தார்கள்.

ஒரு வகுப்பாசிரியை சொன்ன வார்த்தையை இங்கே குறிப்பிட வேண்டும். "இது இடைவேளைச் சாப்பாடு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என்னுடைய வகுப்பில் பாதிப்பேருக்கு இதுதான் காலைச் சாப்பாடு" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பாடசாலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. வேன் வீட்டு வாசலுக்கு வருவது ஆறேகாலுக்கு. அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்து ஏற்றிவிடுகிறோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதின்மூன்று, பதினான்கு மணித்தியாலங்கள் கழித்துத்தான் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் கெட்டியான உணவு போகிறது. அந்த உணவு ஒரு ரோல்ஸும் ஒரு இனிப்புப் பானமும் என்றால், அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணிவரை பிள்ளை கணக்குப் படிக்க வேண்டும்.

தரம் 5 பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பாடசாலை விட்ட பின்னரும் மேலதிக வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கும், மாதிரி வினாத்தாளுக்கும், பிரத்தியேக ஆசிரியருக்கும் கணக்குப் பாராமல் செலவழிக்கிறோம். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டது என்று கேட்பவர் குறைவு.

பிழை தொடங்கும் இடம்

சிற்றுண்டிச்சாலை நடத்துபவரைத் திட்டுவது சுலபம். நானும் அவரிடம் கேட்டேன். "ஏன் நானா, கடலை, பயறு, பழம் ஒன்றையும் காணவில்லையே?" அவர் கோபப்படவில்லை. கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். "கணக்கைப் பாருங்க. நான் முதலில் குத்தகைக் காசைத் தேட வேணும். மத்ததெல்லாம் அதுக்குப் பிறகுதான்" என்றார்.

அவருடைய தொகையை நான் வெளியிடப் போவதில்லை. வாசகர்கள் விளங்கிக்கொள்வதற்காக ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருடக் குத்தகை 4 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை வருடத்துக்குப் பேசப்பட்டாலும் வியாபாரம் நடப்பது பாடசாலை நாட்களில் மட்டும்தான். எமது முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுவதும் விடுமுறை. தவணை விடுமுறைகள் வேறு. 200 நாட்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குக் குத்தகை மட்டும் 2,000 ரூபா. 600 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒரு நாளைக்கு 250 பேர் வாங்குகிறார்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளையின் காசிலும் 8 ரூபா குத்தகைக்குப் போகிறது. பிள்ளை கொடுத்தது 60 ரூபா என்றால், எரிவாயு, மின்சாரம், இரண்டு பேரின் கூலி, நடத்துபவரின் இலாபம் எல்லாம் மீதி 52 ரூபாவிலிருந்து போக வேண்டும். கடைசியில் மிஞ்சுவதுதான் பிள்ளையின் வாய்க்குள் போகும் உணவின் பெறுமதி.

அதனால்தான் ரோல்ஸுக்குள் மீன் குறைந்து கிழங்கு கூடுகிறது. அதனால்தான் நேற்றைய எண்ணெய் இன்றும் அடுப்பில் ஏறுகிறது. பல பாடசாலைகளில் கேள்விப்பத்திரம் கோரும்போது பார்க்கப்படுவது ஒரேயொரு எண்ணை மட்டும். யார் கூடுதலான தொகை எழுதியிருக்கிறாரோ அவருக்குச் சிற்றுண்டிச்சாலை. என்ன விற்பீர்கள், எந்த எண்ணெய், எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்பதில்லை. கூடுதலாக எழுதியவர் அதைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுப்பாரா? ஆறு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துத்தான் கொடுப்பார். வியாபாரிகளான எமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கத்தாலும் இதைப் பாருங்கள். அந்த 4 இலட்சம் ரூபா பாடசாலைக்கு வருகிறது. சுவருக்கு வர்ணம் பூசவும் விளையாட்டுப் போட்டிக்கும் பயன்படுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் 600 பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் அது ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 670 ரூபாகூட வராது. மாதத்துக்கு ஏறக்குறைய 60 ரூபா. இந்தத் தொகையைப் பெற்றோரும் ஊர் வியாபாரிகளும் நேரடியாகக் கொடுத்துவிட்டு, குத்தகையை அரைவாசியாகவோ அதற்கும் கீழேயோ குறைத்து, பதிலுக்கு நல்ல உணவைக் கட்டாயமாக்கலாம். கல்வி அமைச்சு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று சுற்றுநிருபம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் சுற்றுநிருபம் காரியாலய அலுமாரியில் இருக்க, கேள்விப்பத்திரத் தொகைதான் கடையை நடத்துகிறது.

சீனிக் கணக்கு

சாப்பாட்டைவிடக் குடிப்பதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இலங்கையில் இனிப்புப் பானங்களின் போத்தலிலும் பக்கட்டிலும் நிற அடையாளம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் பச்சை. 2 முதல் 11 கிராம் வரை என்றால் செம்மஞ்சள். 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. அடுத்த வருடம் நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரியும் வந்தது. பின்னர் அந்த வரி மாற்றியமைக்கப்பட்டது. சிவப்பு நிறத்தைத் தவிர்ப்பதற்காகப் பல பானங்களில் சீனி குறைக்கப்பட்டது. அது நல்ல மாற்றம்தான்.

ஆனால் கடைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சள்தான், 10 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சள்தான். "சிவப்பு இல்லையே, பிள்ளைக்குக் கொடுக்கலாம்" என்று சொல்லும் உம்மாமாருக்கு இது தெரியாது. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றால் 200 மில்லிலீற்றர் பக்கட் ஒன்றில் 20 கிராம் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் நான்கு தொடக்கம் ஐந்து கரண்டி. எமது வீட்டில் யாராவது ஒரு கோப்பைத் தேநீருக்கு ஐந்து கரண்டி சீனி போட்டால் என்ன சொல்வோம்?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், இப்படிச் சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் சக்தி மொத்த உணவின் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 1,500 கலோரி உண்ணும் சிறு பிள்ளைக்கு 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 19 கிராம் சீனி. அதாவது அந்த ஒரு பக்கட்டோடு நாள் முழுவதற்குமான அளவு முடிந்துவிடுகிறது. காலைத் தேநீரும், கிறீம் பிஸ்கட்டும், பின்னேரம் வாசலில் வாங்கும் ஐஸ் பக்கட்டும் இன்னும் பாக்கி இருக்கின்றன.

பழத்தின் படம் போட்ட பக்கட்டெல்லாம் பழச்சாறு ஆகிவிடாது. பால் பக்கட்டிலும் சுவையூட்டியது என்றால் சீனி சேர்த்திருக்கும். நிறத்தை மட்டும் பார்க்காமல் பின்பக்கத்திலுள்ள அட்டவணையில் 100 மில்லிலீற்றருக்கு எத்தனை கிராம் என்று பார்க்கப் பழக வேண்டும். பொருளைக் கொள்வனவு செய்யும் வியாபாரி அதைப் பார்த்தால், இருநூறு உம்மாமார் பார்த்ததற்குச் சமம்.

கடலைக் கணக்கு

"நல்ல சாப்பாடு விற்றால் நட்டம்" என்பது வியாபாரிகளிடையே உள்ள நம்பிக்கை. இதையும் கொப்பியில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ காய்ந்த கடலையை இரவில் ஊறவைத்துக் காலையில் அவித்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு 65 கிராம் என்று சிறிய கோப்பையில் கொடுத்தால் 30 பேருக்குப் போதும். மேலதிகமாகத் தேவைப்படுவது பாதித் தேங்காய், கொஞ்சம் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, தாளிக்க ஒன்றிரண்டு கரண்டி எண்ணெய். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் நான் இங்கு எழுதவில்லை. உங்கள் கடையில் இன்றைய விலை என்னவோ அதைப் போட்டுக் கூட்டி, 30ஆல் வகுத்துப் பாருங்கள். பிறகு ஒரு ரோல்ஸுக்கு மா, கிழங்கு, மீன், ரஸ்க் தூள், எண்ணெய், அதைச் சுருட்டிப் பொரிப்பவரின் கூலி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். கௌபிக்கும் பயறுக்கும் இதே கணக்குத்தான். காய்ந்த கௌபியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு புரதம். வளரும் பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் கடலை விற்கவில்லை? காரணத்தை அந்தச் சிற்றுண்டிச்சாலை நானாவே சொன்னார். மிஞ்சிய ரோல்ஸை மறுநாள் இன்னொரு முறை எண்ணெயில் போட்டெடுக்கலாம். மிஞ்சிய கடலையை அப்படிச் செய்ய முடியாது, பின்னேரத்துக்குள் புளித்துவிடும். ஆகவே கடலையில் இருக்கும் நட்டம் விலையில் இல்லை, மிச்சத்தில் இருக்கிறது. மிச்சம் வராமல் செய்துவிட்டால் கடலை வெல்லும்.

கிழக்கில் நான் பார்த்த பாடசாலையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சிற்றுண்டிச்சாலையை நடத்துபவர் அப்பாடசாலைப் பிள்ளை ஒன்றின் உம்மா. வாரத்தில் மூன்று நாட்களுக்கு முன்கூட்டியே துண்டு கொடுக்கிறார்கள். முதல் நாள் பாடசாலை விடுவதற்கு முன் வகுப்பாசிரியை "நாளைக்குக் கடலை யாருக்கு?" என்று கேட்டுக் கணக்கெடுத்து அனுப்புகிறார். எத்தனை கோப்பை என்று இரவே தெரிந்துவிடுவதால் அந்த அளவுக்கு மட்டும் ஊறவைக்கிறார். பிள்ளைகள் தமது சிறிய கோப்பையையும் கரண்டியையும் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள். 2017இல் பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் பெட்டியும், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ போன்றவையும் தடை செய்யப்பட்ட பிறகு பொதி செய்யும் செலவு எல்லோருக்கும் ஒரு தலைவலி. அவருக்கு அந்தச் செலவே இல்லை. மற்ற நாட்களில் முட்டை, இடியப்பம், வெட்டிய பப்பாசி, வாழைப்பழம். ரோல்ஸும் இருக்கிறது, ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும்.

"முதல் தவணை கஷ்டப்பட்டேன். பிள்ளைகள் ரோல்ஸ்தான் கேட்டாங்க. இப்ப கடலை முடிஞ்சா அழுறாங்க" என்று அவர் சிரித்தார். அவர் கொடுக்கும் குத்தகை குறைவு. பாடசாலை நிருவாகம் தெரிந்தே குறைத்திருக்கிறது. அவருடைய முயற்சி வெற்றி பெற்றதன் இரகசியம் அதுதான்.

அரசு கொடுக்கும் ஒரு வேளை

பிள்ளைகளுக்குப் பாடசாலையில் உணவு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய விடயமன்று. 1930களிலேயே இங்கு பாடசாலை மதிய உணவு இருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்களுக்குப் பாடசாலையில் கொடுத்த பணிஸின் வாசம் இன்றும் நினைவிருக்கும். 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் மதிய உணவுத் திட்டம் ஒன்று வந்தது. ஆட்சி மாறும்போது திட்டமும் மாறியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் இருந்ததை நாடே பார்த்த பிறகு, 2024ஆம் ஆண்டில் ஆரம்பப் பிரிவு மாணவர் அனைவருக்கும் காலையில் ஒரு வேளை உணவு என்று திட்டம் விரிவாக்கப்பட்டது. சுமார் 16 இலட்சம் பிள்ளைகள் என்று அப்போது கூறப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 110 ரூபா என்று அவ்வருடம் நிர்ணயிக்கப்பட்டது.

இத்திட்டத்தில் சமைத்துக் கொடுப்பவர்கள் பெரிய கம்பனிகள் அல்லர். அநேகமாக அந்தந்த ஊரிலுள்ள பெண்கள், பெற்றோர், சிறிய உணவு வியாபாரிகள். சோறும் பருப்பும் கீரையும் முட்டையும், அவித்த தானியம், பழம் என்று உணவுப் பட்டியல் இருக்கிறது. நாம் யோசிக்க வேண்டியது அந்த விநியோகஸ்தரின் முதலைப் பற்றி. 100 பிள்ளைகளுக்குக் கொடுப்பவருக்கு நாளொன்றுக்கு 11,000 ரூபா. மாதத்தில் 20 பாடசாலை நாட்கள் என்றால் 2 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. சாமான் வாங்குவது இன்று, காசு கைக்கு வருவது பிறகு. கொடுப்பனவு ஒரு மாதம் பிந்தினால் அந்தப் பெண் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாவைத் தன் கையிலிருந்து போட்டிருக்க வேண்டும். அவரிடம் ஏது அவ்வளவு காசு? பலசரக்குக் கடையில் கடன் சொல்கிறார். கடைக்காரர் இரண்டாவது வாரத்தில் முகத்தைச் சுளிக்கிறார். மூன்றாவது வாரத்தில் முட்டை பாதியாகிறது. நான்காவது வாரத்தில் பருப்பு தண்ணீராகிறது.

பட்டியலிலிருந்து முட்டையை எடுத்தது அரசாங்கமா, விநியோகஸ்தரா என்று கேட்டால், பல இடங்களில் அதை எடுத்தது எமது கடன் கொப்பி. இந்த விடயத்தில் மொத்த வியாபாரிகளும் பலசரக்குக் கடைக்காரர்களும் ஒரு முடிவெடுக்கலாம். பாடசாலை உணவு சமைப்பவருக்கு மட்டும், பாடசாலையின் உறுதிப்படுத்தலுடன், 45 நாள் கடன், ரொக்க விலையிலேயே. எமது கடைகளில் கலியாண வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் இதைவிடக் கூடுதலான கடன் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே கொடுப்பனவு பிந்தலாம். ஆனாலும் கொடுக்க வேண்டியது அரசு.

தண்ணீர் விற்பனைப் பொருளல்ல

தண்ணீரில் யாருக்கும் இலாபமில்லை. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்று பாடசாலைகளிலும் தண்ணீர் வடிகட்டி இருந்தது. நகரப் பாடசாலையில் இருந்தது நல்ல விலையுள்ளது. அன்பளிப்புச் செய்தவரின் பெயர் பொறித்த பலகை பளபளவென்று இருந்தது. உள்ளே இருக்கும் வடிகட்டித் துண்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றாத வடிகட்டி தண்ணீரைச் சுத்தம் செய்யாது. அதுவே அழுக்குச் சேரும் இடமாகிவிடும்.

அன்பளிப்புச் செய்யும் வியாபாரிகளுக்கு எனது தாழ்மையான வேண்டுகோள் இது. புதிய வடிகட்டி வாங்கிக் கொடுப்பதற்கு முன், ஊரில் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு வருடாந்தப் பராமரிப்புச் செலவைப் பொறுப்பெடுங்கள். அதற்குப் பெயர்ப் பலகை வராது. ஆனால் பிள்ளை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

பிள்ளைகள் கொண்டுவரும் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மலசலகூடம் சுத்தமில்லை என்றால், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். இதை ஒரு ஆசிரியை மெதுவான குரலில் என்னிடம் சொன்னார். உணவைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் மலசலகூடத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

வாசலில் இருக்கும் கடை

பாடசாலைக்குள் எவ்வளவு திருத்தினாலும், வாசலில் இருக்கும் கடையில் பெயரில்லாத இனிப்பும், திகதியில்லாத மிக்சர் பக்கட்டும், கடும் சாயம் போட்ட ஐஸ் பக்கட்டும் தொங்கினால் பிரயோசனமில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தயாரித்தவரை மட்டும் பிடிப்பதில்லை. விற்றவரும் பொறுப்பாளியே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போட்ட பிறகு "எனக்கு வேனில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார்கள்" என்று சொல்வதில் பயனில்லை. யார் தயாரித்தது, எப்போது காலாவதியாகிறது என்று எழுதப்படாத எதையும் பிள்ளைகள் வாங்கும் கடையில் வைக்காதீர்கள். கச்சான், அவித்த சோளம், வெட்டிய கொய்யா, வாழைப்பழம், தம்பிலி எல்லாம் வாசலில் விற்கக்கூடிய பொருட்கள்தான். மூடிவைத்து, சுத்தமான கையால் கொடுத்தால் போதும்.

நாம் செய்யக்கூடியவை

எமது வாசகர்களில் பலர் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் பொறுப்பு வகிப்பவர்கள். அவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1. சிற்றுண்டிச்சாலைக் கேள்விப்பத்திரத்தில் தொகைக்கு மட்டும் புள்ளி கொடுக்காதீர்கள். வாராந்த உணவுப் பட்டியலையும் சேர்த்து எழுதச் சொல்லி, அதற்கே கூடுதலான புள்ளி கொடுங்கள்.

2. குத்தகைக்கு மேல் எல்லை ஒன்றை முதலிலேயே அறிவியுங்கள். குறையும் வருமானத்தை ஒரு பிள்ளைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, ஊர் வியாபாரிகளிடமும் வசதியான பெற்றோரிடமும் திரட்டுங்கள். வசதியில்லாத பெற்றோரிடம் கேட்காதீர்கள்.

3. முதல் நாள் துண்டு கொடுக்கும் முறையைத் தொடங்குங்கள். மிச்சம் வராத இடத்தில்தான் நல்ல உணவு நிலைக்கும்.

4. இரண்டு பெற்றோர், ஓர் ஆசிரியர், ஒரு வியாபாரி கொண்ட சிறு குழு மாதத்துக்கு ஒருமுறை முன்னறிவித்தலின்றிப் போய் எண்ணெயையும், சமையலறையையும், தண்ணீர் வடிகட்டியையும் பார்க்கட்டும். சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழையும் கேட்கட்டும்.

5. அரச உணவுத் திட்டத்துக்குச் சமைப்பவர் உங்கள் கடை வாடிக்கையாளர் என்றால், கடன் தவணையை இந்த மாதமே அவரோடு இருந்து பேசி முடியுங்கள்.

இதில் தர்மம் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. வியாபாரமும் இருக்கிறது. கடலை, கௌபி, பயறு, முட்டை, பழம் ஆகியவை பாடசாலைக்குள் போகத் தொடங்கினால் அவற்றை விற்பவர்களும் நாம்தான். மரக்கறித் தோட்டக்காரருக்கும் முட்டைக் கோழி வளர்ப்பவருக்கும் வாரத்தில் ஐந்து நாள் நிச்சயமான கொள்வனவு கிடைக்கும். மா மூடையும் எண்ணெய்ப் பீப்பாவும் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவை வேறு பொருள் நிரப்பும். சந்தை அழியாது, சாமான்தான் மாறும்.

பெரும்பாலான பாடசாலைகளில் அடுத்த வருடத்துக்கான கேள்விப்பத்திரம் வருட இறுதியில்தான் கோரப்படுகிறது. அதற்கு முன் உங்கள் ஊர்ப் பாடசாலையின் கூட்டம் ஒன்று நடக்கும். வழமையாக அக்கூட்டத்துக்கு வியாபாரிகள் போவதில்லை. கடையை விட்டுவிட்டுப் போக முடியாது என்பார்கள். இந்த முறை ஒரு மணித்தியாலம் கடையைப் பூட்டிவிட்டுப் போய், கூட்டத்தில் எழுந்து, எவ்வளவுக்கு எடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால் என்ன விற்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.